மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நுரையீரல் தொற்றுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட என் தந்தை முதல் வாரத்தில் நன்றாகத் தேறி வந்தார். பத்தாம் நாள் வேறொரு கிருமி தாக்கி, அதிலிருந்து மீளாமலே காலமானார். வெள்ளை அணுக்கள் போதிய அளவில் இருப்பதாகவே அறிக்கைகள் கடைசிவரை கூறின. நோயெதிர்ப்பாற்றல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை இரத்தத்தைக் கொண்டு உடனே அறியும் சோதனை இல்லையா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தங்கள் தந்தையின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அவருடைய நிலையைப் பற்றி அவரைப் பார்த்த மருத்துவர்கள்தாம் கூற முடியும். ஆனால் தங்கள் கேள்வி இன்றைய தீவிர சிகிச்சையின் பெரிய குறை ஒன்றைச் சரியாகத் தொட்டிருக்கிறது. நாம் அன்றாடம் பார்க்கும் அறிக்கைகள் வெள்ளை அணுக்கள் எத்தனை என்று சொல்கின்றனவே தவிர, அவை வேலை செய்கின்றனவா என்று சொல்வதில்லை. சி.ஆர்.பி., புரோகால்சிடோனின் ஆகிய இரத்தச் சோதனைகளும் அழற்சியையும் தொற்றையும் காட்டுவனவே.

கடுமையான தொற்றினால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் நிலையில், எதிர்ப்பாற்றல் அளவுமீறிச் சீறுவதோடு, பல நோயாளிகளிடம் அடுத்த சில நாட்களில், சிலரிடம் தொடக்கத்திலிருந்தே, சோர்ந்தும் விடுகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதை ஐயமின்றிக் காட்டியது. செப்சிஸால் இறந்த 40 பேரின் மண்ணீரல், நுரையீரல் திசுக்களை இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்து ஆராய்ந்தபோது, மண்ணீரல் அணுக்கள் தூண்டப்பட்டும்கூட, கிருமியை எதிர்க்க உதவும் சைட்டோகைன்கள் என்ற செய்தி மூலக்கூறுகளை, செப்சிஸ் இல்லாத மற்றவர்களின் அணுக்கள் சுரந்ததில் பெரும்பாலும் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே சுரந்தன.

இந்தச் சோர்வை உயிரோடிருப்பவரிடம் அளக்கும் வழியும் உண்டு. மோனோசைட் என்ற வெள்ளை அணு, தான் விழுங்கிய கிருமியின் துணுக்கை மற்ற அணுக்களுக்குக் காட்டுவதற்குத் தன் மேற்பரப்பில் ஹெச்எல்ஏ-டிஆர் என்ற மூலக்கூற்றைத் தாங்கியிருக்கிறது. சாயமேற்றிய அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டுப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையில் இதை எண்ணும்போது, நலமுள்ளவரிடம் ஓர் அணுவுக்கு 15,000க்கு மேல் இருக்கும் அளவு 8,000க்குக் கீழே இறங்கினால் எதிர்ப்பாற்றல் தளர்ந்துவிட்டது என்றும், 5,000க்குக் கீழே சென்றால் தளர்ச்சி கடுமையானது என்றும் கொள்கிறார்கள். பெர்லின், லியோன் நகர மருத்துவக் குழுக்கள் இம்முறையைப் பல ஆண்டுகளாக வளர்த்து வந்துள்ளன.

இதில் இடர் நேரம்தான். இரத்தம் குழாயில் காத்திருக்கக் காத்திருக்க அந்த மூலக்கூறுகளின் அளவு மாறிவிடும் என்பதால், மாதிரியைக் குளிரில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் சாயமேற்றியாக வேண்டும்; அதற்குப் பயிற்சி பெற்றவரும் விலையுயர்ந்த கருவியும் இரவிலும் விடுமுறையிலும் ஆயத்தமாக இருக்க வேண்டும். எனவேதான், கட்டிலருகிலேயே அரை மணி நேரத்தில் இதை அளந்து தரும் தானியங்கிக் கருவிகளை உருவாக்க முயன்று வருகிறார்கள். விரைவு இங்கே வசதிக்காக அன்று. நேற்றைய நிலை இன்றைக்குப் பொருந்தாத நோய் இது.

அளந்தபின் செய்ய ஏதேனும் உண்டா என்பதே முக்கியம். பெர்லினில் 2009இல் நடந்த சிறு ஆய்வொன்றில், ஹெச்எல்ஏ-டிஆர் அளவு 8,000க்குக் கீழ் இருந்த 38 பேரில் 19 பேருக்கு ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற தூண்டு மருந்து தரப்பட்டது. அந்த 19 பேருக்கும் அளவு இயல்புக்குத் திரும்பியது. மற்ற 19 பேரில் மூவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. ஆனால் இறப்பு குறைகிறதா என்று முடிவு கட்ட 38 பேர் போதாது. அளவைப் பாராமல் எல்லோருக்கும் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தையோ அடக்கும் மருந்தையோ கொடுப்பது சரியன்று என்பதே என் உறுதியான கருத்து: சோர்ந்தவருக்கு அடக்கும் மருந்தும், சீறுபவருக்குத் தூண்டும் மருந்தும் கேடு செய்யக்கூடும்.

கேள்வி: பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் கருவி வந்துவிட்டதாகப் படித்தேன். எதிர்ப்பாற்றல் சோர்ந்துவிட்டதா என்று அளக்கும் கருவி அதுதானா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இல்லை. தாங்கள் படித்தது இன்டெல்லிசெப் என்ற சோதனையாக இருக்கலாம். வெள்ளை அணுக்களை நுண்குழாயில் வேகமாகச் செலுத்தி, அவை எவ்வளவு நெளிகின்றன என்பதை அதிவேகக் கேமராவால் பார்த்து, அவை எவ்வளவு கிளர்ந்திருக்கின்றன என்று அது கணிக்கிறது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022 இறுதியில் அதற்கு அனுமதி வழங்கியது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தொற்று ஐயத்துடன் வரும் பெரியவர்களில் யாருக்குச் செப்சிஸ் வாய்ப்பு மிகுதி என்று பிரித்தறிவதே அதன் பணி. பல நாள் சிகிச்சையில் இருப்பவரின் எதிர்ப்பாற்றல் தளர்ந்துவிட்டதா என்ற கேள்விக்கு அது விடை தருவதற்காக உருவாக்கப்படவில்லை.

இத்தகைய கருவிகள் இல்லாத மருத்துவமனையிலும் ஒன்றைக் கவனிக்கலாம். சாதாரண இரத்த எண்ணிக்கை அறிக்கையிலேயே லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணு வகையின் அளவு தனியாக இருக்கும். மொத்த வெள்ளை அணுக்கள் போதிய அளவில் இருந்தும், செப்சிஸ் தொடங்கி நான்காம் நாளிலும் லிம்ஃபோசைட்டுகள் மிகக் குறைவாகவே நீடித்தால், இரண்டாம் தொற்றுக்கும் இறப்புக்குமான ஆபத்து கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த எண்ணைப் பற்றி மருத்துவரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.