தண்ணீர் மாற்றினாலே மீன் சாகிறதே, என்ன செய்வது?

மேடவாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் 3 அடித் தொட்டி. நாலு ஏஞ்சல், ஆறு மோலி, கொஞ்சம் நியான் டெட்ரா. மாதம் ஒருமுறை மீன்களை எல்லாம் வாளிக்கு மாற்றிவிட்டு கல், பொம்மை, ஃபில்டர் என்று அனைத்தையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதுத் தண்ணீர் பிடித்து விடுவாராம். ஒவ்வொரு முறையும் மூன்றாவது நாள் ஒன்றிரண்டு மீன் மிதக்கும். பயந்துபோய் நாலு மாதம் தண்ணீரே மாற்றாமல், குறையக் குறைய கேன் தண்ணீர் மட்டும் ஊற்றி வந்திருக்கிறார். ஒரு மீனும் சாகவில்லை. போன மாதம் நாற்றம் தாங்காமல் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு போர் தண்ணீர் நிரப்ப, ஒரு மணி நேரத்தில் ஐந்து மீன் போய்விட்டன. "பேசாமல் தண்ணீரே மாற்றாமல் விட்டுவிடலாமா சார்?" என்று கேட்கிறார்.

விட முடியாது. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான், ஏனென்றால் இரண்டு தடவையும் மீன்களைக் கொன்றது அழுக்கு இல்லை, நீங்கள் செய்த சுத்தம். அதிலும் இரண்டும் வேறு வேறு விதமான சாவு.

மூன்றாம் நாள் சாவை முதலில் பார்ப்போம். மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அமோனியாவும் நைட்ரைட்டும் கொடிய விஷம், நைட்ரேட் கொஞ்சம் சேர்ந்தாலும் மீன் தாங்கிக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது குறைவு, பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களின் மேலும்தான் ஒட்டி வாழ்கின்றன. அந்த வழவழப்பைத்தான் நீங்கள் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவி, போதாததற்கு வெயிலிலும் காயவைத்திருக்கிறீர்கள். அதாவது மாதாமாதம் தொட்டியின் கழிவுநீர் நிலையத்தை இடித்துவிட்டு மீன்களை உள்ளே விட்டிருக்கிறீர்கள்! முதல் நாள் கண்ணாடி போலத்தான் இருக்கும், இரண்டாம் நாள் அமோனியா ஏறும், மூன்றாம் நாள் பலவீனமான மீன் போகும். கடைக்காரர் அதற்கு நீல மருந்து கொடுப்பார், அது மிச்சமிருக்கிற பாக்டீரியாவையும் ஒரு கை பார்க்கும்.

ஒரு மணி நேரச் சாவு வேறு கதை. அமோனியாவை மாற்றும் வேலையில் அமிலம் உண்டாகும். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற, தண்ணீரிலுள்ள, அமிலத்தை அடக்கும் காரத்தன்மையில் சுமார் 7 மில்லிகிராம் செலவாகிறது. புதுத் தண்ணீர் மாற்றினால் அது திரும்பக் கிடைக்கும். நீங்கள் ஊற்றியதோ ஆர்.ஓ. செய்த கேன் தண்ணீர், அதில் காரத்தன்மை ஏறக்குறைய கிடையாது. ஆக நாலு மாதத்தில் பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை, குறைந்தால் அமிலம்) மெல்ல மெல்ல இறங்கி 6 பக்கம் போயிருக்கும். அந்த அளவில் பாக்டீரியாக்களும் சோர்ந்துவிடும், அமோனியா தேங்கும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது அம்மோனியம் என்ற, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத வடிவத்தில் கிடக்கும். அதனால்தான் மீன் சாகவில்லை. அங்கே போய் பி.எச். 8 உள்ள போர் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால், கிடந்த அம்மோனியத்தில் ஒரு பங்கு உடனே நச்சு அமோனியாவாக மாறிவிடும். பி.எச். ஒரு புள்ளி ஏறினால் அந்தப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு, இரண்டு புள்ளி ஏறினால் நூறு மடங்கு. கூடவே உப்பின் அளவும் திடீரென்று மாறுகிறது, செவுளுக்கு அது தனி அடி. நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் நீங்கள் சொன்ன வரிசை இதற்குத்தான் பொருந்துகிறது.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அபார்ட்மெண்டில் சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட நாளா அது என்று வாட்ச்மேனிடம் கேட்டுப் பாருங்கள். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது என்று நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சரி, இனி எப்படி மாற்றுவது. வாரம் ஒருமுறை கால் தொட்டி, அவ்வளவுதான். உங்கள் தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப்படி 106 லிட்டர், கல்லையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் 90 லிட்டர் தேறும். கால் பங்கு என்றால் பெரிய வாளி ஒன்றும் ஒரு சொம்பும். மாதம் ஒருமுறை மொத்தமாக மாற்றுவதற்கும் இதற்கும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லையே என்று கேட்கலாம், மீனுக்கு இருக்கிறது. அதற்கு வேண்டியது கண்ணாடித் தண்ணீர் இல்லை, நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்கிற தண்ணீர்.

கால் பங்கு எல்லாருக்கும் போதுமா? உங்கள் தொட்டியில் வாரம் 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) நைட்ரேட் சேர்கிறது என்று வையுங்கள். வாரம் கால் பங்கு மாற்றினால் அது ஏறி ஏறி 40-இல் போய் நிற்கும், மாற்றியதும் 30 ஆகும், மறுபடி 40. பாதி மாற்றினால் 20-க்கும் 10-க்கும் இடையில் ஆடும். 40 வரைக்கும் ஏஞ்சலும் மோலியும் சமாளித்துவிடும். மீன் நெரிசல் அதிகமென்றால் அளவைக் கூட்டுவதைவிட வாரம் இரண்டு முறை மாற்றுவதே நல்லது, அல்லது தீனியைக் குறையுங்கள். தீனிதான் பாதிப் பிரச்சினை. நம் வீடுகளில் மீனுக்குத் தீனி போடுவது குழந்தைகள், தாத்தா, வந்த விருந்தாளி என்று எல்லோருடைய பொழுதுபோக்கும் ஆயிற்றே!

குறைந்ததை ஊற்றி நிரப்புவது தண்ணீர் மாற்றுவது ஆகாது. ஆவியாகப் போவது வெறும் தண்ணீர் மட்டும், உப்பு முழுக்கத் தொட்டியிலேயே தங்கிவிடும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. ஊற்றுவது சரிதான், ஆனால் அதோடு நிறுத்தியதுதான் தப்பு.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மாற்றக்கூடாது. சென்னையில் ஒரே குழாயில் திங்கட்கிழமை மெட்ரோ தண்ணீர், வியாழக்கிழமை லாரித் தண்ணீர், மற்ற நாளில் போர் என்று வரும். ஆர்.ஓ. விற்க வருகிறவர் கையில் வைத்திருக்கும் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என்ன உப்பு என்று அது சொல்லாது, எவ்வளவு என்று மட்டும் சொல்லும். தொட்டியில் 500, குழாயில் 1400 என்று காட்டினால் அன்றைக்கு மாற்றாதீர்கள், அல்லது ஆர்.ஓ. கலந்து இறக்குங்கள். மோலிக்குக் கடின நீர்தான் பிடிக்கும், நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மென்னீர் மீன். அதனால் உங்கள் தொட்டியில் இரண்டு பேருக்கும் முழுத் திருப்தி கிடைக்காது. தண்ணீர் ஒரே நிலையில் இருந்தால் இரண்டுமே ஓரளவு பழகிக்கொள்ளும். அப்புறம் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது, உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. நமக்கு நல்லது, செவுளுக்கு ஆகாது. வாளியில் பிடித்து ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தால் சாதாரண குளோரின் போய்விடும். சில ஊர்களில் குளோரினோடு அமோனியா சேர்த்துப் போடும் குளோரமின் அப்படிப் போகாது, எனவே பழகிய இடத்தை விட்டு வேறு ஊர், வேறு நாடு போனவர்கள் ஒரு நாள் வைத்த தண்ணீரை நம்ப வேண்டாம். அவசரம் என்றால் கடையில் ஆன்ட்டி குளோரின் என்று விற்கும் கற்கண்டு மாதிரியான தயோசல்ஃபேட், பாக்கெட்டில் போட்ட அளவுப்படி. வாளியில் பிடித்து மருந்து கலந்து ஊற்றுவது பாதுகாப்பு. டியூபால் நேரே தொட்டியில் விடுகிறவர்கள் புதிதாக விடும் தண்ணீருக்கு மட்டுமல்ல, முழுத் தொட்டிக்கும் கணக்குப் போட்டு முதலிலேயே மருந்து சேர்த்துவிட வேண்டும். போர் தண்ணீரையும் ஒரு ராத்திரி காற்றடிக்க விடுங்கள். பூமிக்கடியிலிருந்து வருவதால் பிராணவாயு குறைவாகவும் கரியமிலவாயு நிறையவும் இருக்கும், அது வெளியேறியதும் பி.எச். ஏறும். பி.எச். அளப்பதானால் அந்த ராத்திரிக்கு அப்புறம் அளங்கள்.

சூடு பற்றி என் தலையெழுத்தைச் சொல்கிறேன். வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாத மத்தியானம், மாடியில் இருக்கும் கறுப்பு டேங்கிலிருந்து வந்த தண்ணீரைக் கையை விட்டுக்கூடப் பார்க்காமல் பாதித் தொட்டிக்குத் திறந்துவிட்டேன். 28 டிகிரித் தொட்டியில் 40 டிகிரித் தண்ணீர் பாதி கலந்தால் 34 ஆகிவிடும், கால் பங்கு என்றால் 31-க்குள் நின்றிருக்கும். சூடான தண்ணீரில் பிராணவாயு கரைவதும் குறைவு. அன்றைக்கு எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. கோடையில் விடியற்காலை பிடியுங்கள், அல்லது முந்தின ராத்திரியே பிடித்து தொட்டி இருக்கும் அறையிலேயே வையுங்கள். வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள் இருந்தால் போதும். மார்கழியில் எதிர்ப்பக்கம், வாளித் தண்ணீர் சில்லிட்டு இருக்கும். அந்தக் குளிர் அதிர்ச்சிக்கு அப்புறம் நாலைந்து நாளில் உடம்பெல்லாம் ரவை தூவியது போல வெள்ளைப்புள்ளி வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

வேலையைத் தொடங்குமுன் ஹீட்டர், ஃபில்டர், ஏர் பம்ப் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்ணீர் இறங்கும்போது சூடாக எரிந்துகொண்டிருக்கும் கண்ணாடி ஹீட்டர் வெளியே தெரிந்தால் வெடித்துவிடும், உங்கள் கையோ தண்ணீருக்குள் இருக்கும். மீன்களை வெளியே எடுக்காதீர்கள், அவை பாட்டுக்கு நீந்தட்டும். டியூபை வாயால் உறிஞ்சாதீர்கள். தொட்டித் தண்ணீரில் நம் வயிற்றுக்கு ஆகாத கிருமிகள் இருக்கலாம். முழு டியூபையும் தொட்டிக்குள் அமுக்கி நிரப்பி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து வாளிக்குத் தாழ்த்தினால் தானே ஓடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போடுங்கள். காயம் வழியாகப் புகுந்து மாதக்கணக்கில் ஆறாத புண் கொடுக்கும் ஒரு மைக்கோபாக்டீரியா மீன் தொட்டிகளில் உண்டு.

டியூபின் அகன்ற முனையால் கற்களுக்கிடையே குத்திக் குத்தி அழுக்கை உறிஞ்சுங்கள், ஒரு வாரம் இடப்பக்கம் பாதி, மறுவாரம் வலப்பக்கம் பாதி. உறிஞ்சி எடுத்த அந்தத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை நாலு பிழி பிழிந்து திரும்ப மாட்டுங்கள், குழாயடிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். கல்லை உறிஞ்சிய வாரம் ஃபில்டரைத் தொடாமல் விட்டால் இன்னும் நல்லது. சோப்பு வாசனை கண்ட வாளி இந்த வேலைக்கு ஆகாது, தனியாக ஒன்று வாங்கி "மீன்" என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் அதில் துணி ஊறிக்கொண்டிருக்கும். நிரப்பும்போது கல் மேல் ஒரு தட்டு வைத்து அதன் மேல் மெல்ல ஊற்றுங்கள். நிரம்பியதும் பிளக்கை மாட்டி, ஃபில்டரில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மாட்ட மறந்து ஊருக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் தொட்டியில் மிச்சமிருப்பவை. இரண்டு ஏஞ்சல் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு ஏர் பம்பை இருபத்துநாலு மணி நேரமும் ஓட விடுங்கள், இரண்டு நாள் தீனி வேண்டாம், பட்டினியால் அவை சாகாது. ஒரு ராத்திரி காற்றடித்த தண்ணீரில் நாளைக்குப் பத்து லிட்டர், ஒரு நாள் விட்டு மறுபடி பத்து லிட்டர், இப்படி இரண்டு வாரம். அமோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, அளவு பூஜ்யமாகிற வரைக்கும் பாருங்கள். அதற்கப்புறம்தான் வாரம் கால் பங்குக் கணக்கு. பையன் கொளத்தூர் போய் புது மீன் வாங்க வேண்டும் என்று நச்சரிப்பதாக எழுதியிருந்தீர்கள். அமோனியா பூஜ்யமாகி மூன்று வாரமாவது போகட்டும், பிறகு இரண்டு மீன் மட்டும் வாங்கி வாருங்கள்.