புல்வெளியில் பாசி: மருந்துக்கு முன்னால் வடிகால்

கேள்வி: திருவட்டார் பக்கம் எங்கள் வீடு. முன்புறம் 3 சென்ட்டில் கொரியன் புல் பதித்திருக்கிறேன். மழை விட்டு மறுநாளும் தண்ணீர் வடிவதில்லை. பிலாமரத்தடியில் தொடங்கிய பாசி பாதி இடத்தைப் பிடித்துவிட்டது. ரப்பருக்கு வாங்கி மீதியிருந்த துரிசை (காப்பர் சல்பேட்) கரைத்து ஊற்றினேன். கருகியது, அடுத்த மழையில் திரும்ப வந்துவிட்டது. வேறு என்ன போடலாம்?

பதில்: ஐயா, துரிசை இனி ஊற்றாதீர்கள். அதிலுள்ள செம்பு மண்ணிலேயே தங்கி மண்புழுவைக் கெடுக்கும். இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்க வழி போடுவதே அந்தப் புழுதான்.

பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. இலையாலேயே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புல்லின் வேருக்கோ காற்று வேண்டும். தண்ணீர் கட்டினால் அழுகிப் புல் கலையும், கலைந்த இடத்தில் பாசி படரும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் அதற்கு ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பங்குனி வெயிலில் சருகாகக் கிடக்கும் பாசியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சற்று நேரத்தில் பச்சை விரியும். கோடை வந்தால் செத்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் மாடித் தண்ணீர் குழாய் புல்லில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அதைத் திருப்பிவிடுங்கள். பல வீடுகளில் பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். பிறகு ஒரு அடி ஆழத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் நின்றால் அடியில் சரளை இறுகியிருக்கிறது. வீடு கட்டும்போது லாரியும் ஜேசிபியும் ஓடிய தரை அப்படித்தான் இருக்கும். தை, மாசியில் தாழ்ந்த ஓரமாக ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, துளையிட்ட பிவிசி குழாயைப் பதித்து, முக்கால் இன்ச் ஜல்லியால் மூடுங்கள். 100 அடிக்கு 1 அடி சரிவு போதும். மற்ற இடத்தில் தோட்டவேலைக்கான பெரிய முள்கரண்டியால் அரையடிக்கு ஒரு குத்து, நான்கு அங்குல ஆழத்துக்குக் குத்தி, கழுவிய மணலைத் தூவி உள்ளே தள்ளுங்கள். கடல் மணல் மட்டும் கூடவே கூடாது. உப்பு புல்லைக் கருக்கிவிடும்.

இருக்கும் பாசிக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) போடலாம். சென்ட்டுக்கு 200 கிராமை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மழை இல்லாத நாளில், வெயில் தாழ்ந்த பிறகு பூவாளியால் ஊற்றுங்கள். சில நாளில் கறுத்துவிடும், வாரிவிடலாம். டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது, கவனம். நம் செம்மண் பெரும்பாலும் புளிப்புதான் (அமில மண்) என்றாலும், அதைக் குறைக்க மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பு போடாதீர்கள். அன்னபேதி ஊற்றிய கையோடு போடவே வேண்டாம்.

பிலாவின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள். அப்படியும் வெயில் விழாத இடத்தில் கொரியன் புல் தேறாது. அங்கே எருமைப்புல் (செயின்ட் அகஸ்டின் என்ற அகல இலைப் புல்) பதியுங்கள், நிழலையும் ஈரத்தையும் தாங்கும். அதை இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெட்ட வேண்டாம்.