தினமும் வெயில் படுவதால் உடலுக்கு என்ன நன்மை? வைட்டமின் டி மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரை வைட்டமின் டி குறைபாட்டைச் சரிசெய்யும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வெயில் செய்கிற மற்ற வேலைகள் எதையும் அது செய்யாது.

நான் மருத்துவர் இல்லை. பகல் முழுக்கக் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பிழைக்கிற ஆள். சில வருடங்களுக்கு முன் தொடை, இடுப்பு என்று மாறி மாறி வலித்ததால் ரத்தப் பரிசோதனை செய்ததில் வைட்டமின் டி ரொம்பக் குறைவாக இருந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்று பொதுவாகச் சொல்வார்கள், நான் அதற்கும் கீழே. மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "காலை வெயில்ல கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றார். எவ்வளவு காலையில், எவ்வளவு நேரம் என்று கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை. அப்போதுதான் நானே படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: வெயில் முக்கியமாக இரண்டு வழியாக நமக்குள் வேலை செய்கிறது. ஒன்று தோல், இன்னொன்று கண். இரண்டுக்கும் வேண்டிய ஒளியும் வேறு, வேண்டிய நேரமும் வேறு. எல்லாவற்றையும் 'வைட்டமின் டி' என்ற ஒரே பெயரில் போட்டு அடைப்பதால்தான் இத்தனை குழப்பம்.

முதலில் தோல். நம் தோலில் 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்றொரு பொருள் இருக்கிறது. புற ஊதாக் கதிர்களில் 'பி' வகை (290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம்) அதன்மேல் படும்போது அது உருமாறி, உடல் சூட்டிலேயே வைட்டமின் டி3 ஆகிறது. பிறகு கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் ஒரு மாற்றம். அதற்குப் பிறகுதான் உடல் பயன்படுத்தக்கூடிய வடிவம் கிடைக்கும். குடல் கால்சியத்தை ஒழுங்காக உறிஞ்ச அது வேண்டும். அது இல்லாவிட்டால் குழந்தைகளுக்கு எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோய் வரும். பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகி வலி, தசைகளில் பலவீனம்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1822-லேயே போலந்து மருத்துவர் யெஞ்சேய் ஷ்னியாடெட்ஸ்கி, வார்சா நகரத்துக்குள் வளரும் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் அதிகம், கிராமத்துக் குழந்தைகளுக்குக் குறைவு என்று கவனித்து, வெயில் படாததுதான் காரணம் என்று எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 1919-ல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் புற ஊதா விளக்கு வைத்தே ரிக்கெட்ஸைக் குணப்படுத்திக் காட்டினார். ஒரு கையில் மட்டும் ஒளி படவைத்தார், இரண்டு கை எலும்பும் தேறின. அப்படியானால் தோலில் உண்டாகும் ஏதோ ஒன்று ரத்தத்தோடு ஓடுகிறது என்றுதானே அர்த்தம்? வைட்டமின் டி என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான்.

இப்போது காலை வெயில் விஷயத்துக்கு வருகிறேன். சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒளி சாய்வாக, ஓசோன் படலத்தின் நீண்ட பாதையைக் கடந்து வருகிறது. இந்த 'பி' கதிரில் பெரும்பகுதியை ஓசோன் வழியிலேயே விழுங்கிவிடும். ஆகவே விடிந்த கையோடு கிடைக்கும் இளவெயிலில் வைட்டமின் டி உண்டாவது மிகக் குறைவு. எளிய வழி உங்கள் நிழலைப் பார்ப்பதுதான். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் தோலில் பெரிதாக எதுவும் நடக்காது, குட்டையாக இருந்தால் நடக்கும். பூமத்திய ரேகையிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் குளிர்காலத்தில் நடுப்பகலில்கூட நிழல் நீளம்தான். பாஸ்டன் நகரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலால் தோலில் வைட்டமின் டி உண்டாவதே இல்லை என்று 1988-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த மாதிரி இடங்களில் அந்த மாதங்களுக்கு மாத்திரைதான் சரி.

எத்தனை நிமிடம் என்று கேட்டால் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் என்ற நிறமி கூடக் கூட அதிக நேரம் வேண்டும். வயதானவர்களின் தோலில் மூலப்பொருளே குறைந்துவிடுகிறது. இன்னொன்று, ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை அனேகமாக முழுதாகத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் வெயில் சுள்ளென்று அடித்தாலும் வைட்டமின் டி கணக்கில் அது பூஜ்யம்தான். அதே சமயம் தோலைச் சுருக்கும் 'ஏ' வகைக் கதிர் தாராளமாக உள்ளே வரும். அநியாயமான பேரம்!

எவ்வளவு நேரம் நின்றாலும் வெயிலால் வைட்டமின் டி அளவுக்கு மீறி ஏறாது. ஓர் எல்லைக்கு மேல் அதே வெயில், உண்டானதை வேறு பொருட்களாக மாற்றிவிடும். இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. தோல் சிவக்கும் முன்பே லாபம் நின்றுவிடுகிறது, சேதம் மட்டும் நிற்காமல் சேர்ந்துகொண்டே போகிறது. மணிக்கணக்காக வெயிலில் கிடப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரி, குறைபாடு இல்லாதவர்கள் 'இருக்கட்டுமே' என்று மாத்திரை போட்டால்? அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து வைட்டல் என்றொரு பெரிய சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 2000 யூனிட் வைட்டமின் டி, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்து 2018-ல் முடிவு சொன்னார்கள்: புற்றுநோய் வருவதோ மாரடைப்பு, பக்கவாதம் வருவதோ குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022-ல் தனியாக வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்திலேயே குறைபாடு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு மாத்திரை உதவியது, ஏனென்றால் எனக்குக் குறைபாடு இருந்தது.

ரத்தத்தில் வைட்டமின் டி அதிகம் உள்ளவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று ஏராளமான ஆய்வுகள் சொல்வதற்கும் இதற்கும் எப்படிப் பொருந்தும்? என் ஊகம், அந்த எண் பல நேரம் வெளியே நடமாடும் ஆட்களை அடையாளம் காட்டுகிறது, அவ்வளவுதான். நோயாளிகள் வீட்டுக்குள் இருப்பார்கள், தெம்பானவர்கள் வெளியே போவார்கள். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது லேசல்ல.

அடுத்து கண். எனக்கு வெயிலின் மதிப்பை உண்மையாகக் காட்டியது இந்தப் பகுதிதான். விழித்திரையில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட வேறு சில செல்கள் இருப்பது 2002 வாக்கில்தான் உறுதியானது. வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று மூளையில் உள்ள உயிர்க் கடிகாரத்துக்குச் சொல்வதுதான் இவற்றின் முக்கிய வேலை. காலையில் நல்ல வெளிச்சம் பட்டால் கடிகாரம் அன்றைய பொழுதுக்குச் சரிசெய்யப்படும், இரவில் தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரப்பு நேரத்தோடு தொடங்கும். ஆக, காலை வெயில் நல்லது என்று சொன்ன மருத்துவர் தவறாகச் சொல்லவில்லை. காரணம்தான் வேறு.

வீட்டு விளக்கு போதாதா என்றால், போதாது. நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்வதால் வித்தியாசம் தெரிவதில்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நல்ல அலுவலக விளக்கு வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ். நேரடி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். மேகமூட்டமான பகல்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். குளிர்காலத்தில் வரும் மனச்சோர்வுக்குப் பயன்படுத்தும் சிகிச்சை விளக்கே 10,000 லக்ஸ்தான், அதன் முன்னால் காலையில் அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். வெளியே நடந்தால் அது இலவசம். நான் எழுந்ததும் போனை எடுக்காமல் வெளியே நடக்கப் பழகியபிறகு, நடுராத்திரி வரை புரண்டுகொண்டிருந்த தொல்லை நன்றாகவே குறைந்தது. ஒருத்தர் அனுபவம் ஆதாரம் ஆகாது, தெரியும். நடையும் சேர்ந்துதானே உதவியிருக்கும்!

வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருக்கவைத்தார்கள். மூன்று வருடத்தில் வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, வெளியே போனவர்களில் 30.4 சதவீதம். 2015-ல் வெளியான முடிவு இது. பிரகாசமான ஒளியில் விழித்திரை சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள், கண்கோளம் நீளமாக வளர்ந்துவிடாமல் தடுக்கிறது என்பதுதான் இப்போதைக்கு வலுவான விளக்கம். இதற்குச் சுட்டெரிக்கும் வெயில் தேவையில்லை, மரநிழல் வெளிச்சமே நிறைய. ஆனால் ஏற்கனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு இது மருந்து என்று நினைக்க வேண்டாம். வராமல் தடுப்பதற்குத்தான் ஆதாரம் பலமாக இருக்கிறது.

ரத்த அழுத்தம் பற்றியும் சொல்வார்கள். 'ஏ' வகைக் கதிர் பட்டால் தோலில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு ரத்தத்துக்குள் போய் நாளங்களை விரித்து அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கிறது என்று எடின்பரோவில் ரிச்சர்ட் வெல்லர் குழு 2014-ல் காட்டியது. சுவாரசியமான விஷயம். ஆனால் இதை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு வெயில் காட்டும் வழக்கத்தைக் கேட்பவர்களும் உண்டு. 1956-ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் குறைந்திருப்பதைக் கவனித்தார். துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததாம். இன்றைய நீல ஒளிச் சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கியது. ஆனால் அதற்கு வேண்டியது நீல ஒளி, புற ஊதா இல்லை. மஞ்சள் அதிகமாகத் தெரிந்தால் வீட்டு முற்றத்தில் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் என்ற பொருள் ரத்தத்தில் ஏறினால் மூளையையே பாதிக்கும்.

சூரியனை நேராக உற்றுப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களைப் பற்றி ஒரே வரி: விழித்திரை வெந்துபோகும், பார்வை திரும்பாமலும் போகலாம்.

கடைசியாக எச்சரிக்கை. சூரியக் கதிர் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிரூபிக்கப்பட்டது, கண்புரையையும் அது முடுக்கிவிடும். போனில் வானிலை பார்க்கும்போது யூவி இண்டெக்ஸ் என்றொரு எண் இருக்கும், புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று காட்டுவது. அது 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிக நேரம் வெளியே இருப்பவர்கள் தொப்பி, முழுக்கை சட்டை, சன்ஸ்கிரீன் பயன்படுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கு வெயிலே நோயைக் கிளப்பிவிடும். கிருமித் தொற்றுக்கான டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயாசைடு, பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் போன்ற மருந்துகளை எடுப்பவர்களின் தோல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வெந்துவிடும். நீங்கள் இதில் ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால், நான் மேலே சொன்ன நிழல் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு, எவ்வளவு வெயில் தாங்கும் என்று மருந்து எழுதித் தந்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.