காருக்குப் பின்னால் ஒரு வீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். வரும் ஜூனில் நாங்கள் போகும்போது டிரெய்லர் வாடகைக்கு எடுத்து ஸ்டேட் பார்க்கில், அதாவது அந்த மாநில அரசின் பூங்காவில், மூன்று நாள் தங்கலாம் என்கிறார் மாப்பிள்ளை. டிரெய்லர் என்றால் எனக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்தான் ஞாபகம் வருகிறது. கழிப்பறை, தண்ணீர், சமையலுக்கெல்லாம் என்ன செய்வது? என் வீட்டுக்காரருக்கு மூட்டு வலி வேறு.
வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: தாராளமாகப் போய்விட்டு வாங்கம்மா. காரில் கோத்து இழுக்கிற சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஏறி இறங்க இரண்டு மூன்று படி, ஐயாவுக்குச் சிரமம் என்றால் அது ஒன்றுதான். வண்டி ஓடும்போது உள்ளே காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், இந்த மாதிரி டிரெய்லருக்குள் ஆள் உட்கார்ந்து போகக் கலிபோர்னியா சட்டம் விடாது. எல்லோரும் காரில்தான்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகள் பலவற்றில் நீங்கள் நிறுத்துகிற இடத்துக்கே கரண்டும் குழாயும் வந்துவிடும். கலிபோர்னியாவில் பெரும்பாலான இடங்களில் ஒரு மர மேசை, தீ மூட்ட ஒரு இரும்பு வளையம், அவ்வளவுதான். அதனால் கிளம்பும்போது டேங்கில் பிடித்த தண்ணீர்தான் மூன்று நாளைக்கும். கழிவுக்கு அடியில் இரண்டு டேங்க் உண்டு. டாய்லெட்டுக்கு பிளாக் டேங்க், குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு கிரே டேங்க். நாமெல்லாம் அரிசியை மூன்று தண்ணீரில் களைகிற ஆட்கள், இரண்டாவது நாளே கிரே நிரம்பி, ஷவரில் நிற்கும்போது தண்ணீர் கீழிருந்து எதிர்த்து வரும். அரிசி களைவதை, குளிப்பதைப் பார்க்கின் பொதுக் குழாய், பொதுக் குளியலறையில் முடித்துக்கொண்டால் தப்பிக்கலாம். கிளம்பும்போது டம்ப் ஸ்டேஷனில், அதாவது கழிவைக் கொட்டுகிற இடத்தில், குழாய் மாட்டி இரண்டையும் காலி செய்ய வேண்டும். முதலில் பிளாக், அப்புறம் கிரே. அப்போதுதான் சோப்புத் தண்ணீர் போகிற போக்கில் குழாயையும் அலசிவிடும். இந்த வேலையை மாப்பிள்ளையிடமே விட்டுவிடுங்கள், கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

சமையலில் நான் பட்டதைச் சொல்கிறேன். மகன் குடும்பத்தோடு போயிருந்தபோது காலையில் உப்புமாவுக்கு உள்ளேயே கடுகு, வரமிளகாய் தாளித்தேன். நெடி ஏறியதும் புகை அலாரம் கத்த ஆரம்பித்தது பாருங்கள், மருமகள் ஜன்னலைத் திறக்க, பேரன் துண்டை எடுத்து விசிற, பக்கத்து இடத்துக்காரர் காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மணி ஆறரை. இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் போடக் கூடாது என்பது அங்கே விதி, அரை மணி நேரத்தில் தப்பித்தேன்! ஆகவே தாளிப்பதெல்லாம் வெளியே மேசையில் கேஸ் அடுப்பு வைத்துத்தான். மிக்ஸியைத் தூக்கிப் போகாதீர்கள், அங்கே 120 வோல்ட், நம் 230 வோல்ட் மிக்ஸி முனகுமே தவிர அரைக்காது. இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் போதும்.

மலைப் பக்கம் என்றால் கரடி வரும். சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சோப்பு எல்லாவற்றையும் அதற்கென்று வைத்திருக்கிற இரும்புப் பெட்டியில் போட்டு மூட வேண்டும். ஏற்காட்டில் குரங்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். அங்கே கரடியிடம் போவது காரின் கதவு.

கேள்வி: கலிபோர்னியா ஸ்டேட் பார்க்கில் இடமே கிடைப்பதில்லை என்கிறான் என் தம்பி மகன். நிஜமா, சாக்கா?
வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: நிஜம்தான். ஆறு மாதத்துக்கு முன்பே, அங்கே காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும், கடற்கரை இடங்கள் நிமிடங்களில் போய்விடும். அது கோடை நேரக் கணக்கில் நமக்கு இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. அவன் அலுவலகத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் நீங்கள் சாப்பிட்டுவிட்டு இங்கிருந்தே போட்டுத் தரலாமே! டிரெய்லர் நீளத்தை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காரில் கோக்கிற மூக்கையும் சேர்த்துத்தான் கணக்கு, ஒவ்வொரு இடத்துக்கும் இத்தனை அடி என்று வரம்பு இருக்கிறது.

கேள்வி: தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் சின்னதாக ஒரு டிரெய்லர் செய்து, காரில் கோத்து ஏற்காடு ஏறலாம் என்று நண்பர்கள் திட்டம். சரிவருமா?
வாசகர், சூரமங்கலம்

பதில்: வராது தம்பி. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. வளைவில் எதிரே பஸ் வந்து, பின்னால் போ என்று கை காட்டினால் என்ன செய்வீர்கள்? இறங்கும்போது இன்னும் மோசம், டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் அதன் பாரம் முழுக்கக் காரைத் தள்ளும், கார் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். அப்புறம், சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம், ஆர்.டி.ஓ.வில் அதற்குத் தனியாகப் பதிவு வேண்டும். பட்டறையில் வெல்டிங் வைத்ததைக் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கேயே நிற்கும்.

பாரம் ஏற்றுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. மாட்டு வண்டியில் பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும் என்று உங்கள் தாத்தாவுக்குத் தெரியும். டிரெய்லரும் அப்படியே, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல், அதாவது காரில் கோக்கிற கொக்கி மேல், இறங்க வேண்டும், 1,000 கிலோ டிரெய்லர் என்றால் 100 முதல் 150 கிலோ. பின்பக்கம் கனத்தால் வேகத்தில் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும்.

ஏற்காட்டுக்குக் கூடாரத்தை டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள், அனுமதிக்கிற காபி எஸ்டேட்டில் கேட்டு அடியுங்கள், காட்டு இலாகா இடத்தில் வேண்டாம். டிரெய்லர் ஆசை விடவில்லை என்றால், ஓமலூர் பக்கம் கரும்பு அடிக்கிற டிராக்டர் டிரைவர் யாரையாவது பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிவர்ஸ் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடியில் கை வைத்து, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்த வேண்டும். முதல் நாள் வேலியை இடிப்பீர்கள், காலி மைதானமாகப் பாருங்கள்.