ரேடியோ பழுதா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சேர்,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன், ஹட்டனில் டியூஷன் வகுப்பு எடுக்கிறேன். ஜூலையில் லண்டன் ப்ரோம்ஸ் இசைவிழாவைப் போனில் நேரடியாகக் கேட்டேன். அங்கே இரவு 7.30, இங்கே நடுச்சாமம் 12. முதலில் இருபது நிமிடம் ஒரு புது இசை. மெட்டு என்று எதுவுமே பிடிபடவில்லை. பக்கத்தில் படுத்திருந்த அப்பாயி எழும்பி, "ரேடியோ பழுதாப் போச்சா?" என்று கேட்டது. பிறகு பெத்தோவன் வந்த பிறகுதான் நிம்மதி. யாருக்கும் பிடிக்காத இசையை ஏன் இவ்வளவு பெரிய விழாவில் வைக்கிறார்கள்? இதை விளங்கிக்கொள்ள என்ன புத்தகம் வாசிக்கலாம்? ஜோன் கேஜ் என்பவர் நாலரை நிமிடம் ஒன்றுமே வாசிக்கவிடாமல் ஒரு இசை எழுதினாராமே, அது ஏமாற்று வேலை இல்லையா? நுவரெலியா சீசனில் நாங்களும் இப்படி ஒரு விழா வைக்க முடியாதா? எங்களைப் போலத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் விளங்காது என்றும் சில நேரம் தோன்றுகிறது.

வி.

அன்புள்ள வி.,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அப்பாயிதான். நடுச்சாமத்தில் தூக்கம் கலைந்து, காதில் விழுந்ததைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இது சரியான சத்தமா பழுதான சத்தமா என்று விசாரித்திருக்கிறார். லண்டனில் காசு கொடுத்து உள்ளே போனவர்களில் எத்தனை பேர் அந்த நேரத்தில் நிகழ்ச்சிநிரலைப் புரட்டிக்கொண்டு இருந்தார்களோ. நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள், பெத்தோவன் எப்போது வருவார் என்று. அப்புறம், அந்த இருபது நிமிட இசையை எழுதியது யார்? கடிதம் முழுக்கத் தேடினேன், பெயரே இல்லை. செத்துக் கிட்டத்தட்ட இருநூறு வருஷமான பெத்தோவனுக்குப் பெயர் இருக்கிறது. உயிரோடு இருப்பவர், ஒருவேளை அன்றைக்கு அதே மண்டபத்தில் வயிறு கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தவர், உங்களுக்கு "ஒரு புது இசை". கோபம் வருகிறது தம்பி.

சரி, கோபம் இருக்கட்டும். அண்மையில் ஒரு கலாசார விழாவில் காமன் எரிந்த கதையை நம் தோட்டங்களில் இரவிரவாக ஆடும் காமன் கூத்தைப் பதினைந்து நிமிடத்துக்கு வெட்டி மேடையேற்றியதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குள் ஒரே விஷயம் ஓடிக்கொண்டிருக்கிறது: எதையும் ஒரு தடவை மட்டும் காட்டினால் யாருக்கு விளங்கும்? உங்கள் கடிதம் சரியாக அதன்மேலேயே வந்து கை வைத்ததால்தான் பதில் எழுதுகிறேன், இல்லாவிட்டால் இந்த மழைக்காலத்தில் நான் யாருக்கும் எழுதுவதில்லை.

கேஜ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 1952 ஓகஸ்ட்டில், நியூயோர்க் மாநிலத்து வுட்ஸ்டொக் அருகே, காட்டைப் பார்த்துத் திறந்திருக்கும் ஒரு மரக் கொட்டகையில் டேவிட் டியூடர் பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்து 4 நிமிடம் 33 விநாடி ஒன்றும் வாசிக்கவில்லை. அதுவும் கோடைகாலக் கச்சேரிதான். முதலில் வெளியே காற்று, அப்புறம் கூரையில் மழைத்துளி, கடைசியில் சனங்கள் தங்களுக்குள் பேசுவதும் எழும்பிப் போவதும் கேட்டது என்று கேஜ் பின்னாளில் சொன்னார். ஜூலை மழையில் தகரத்துக்குக் கீழே படுத்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? விடுங்கள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளங்காது என்ற வரியை ஏன் எழுதினீர்கள்? யார் சொல்லிக் கொடுத்தது? உங்களிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளை இப்படிச் சொன்னால் தலையில் ஒரு குட்டு வைப்பீர்களா மாட்டீர்களா? பிரான்ஸில் மெசியான் என்று ஒரு பெரிய இசைஞர் இருந்தார், 1992-ல் காலமானார். தேவகிரி அரசவையில் இருந்த இசை அறிஞர் சார்ங்கதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொகுத்த 120 தேசி தாளங்களின் பட்டியல் ஒரு கலைக்களஞ்சியம் வழியாக அவர் கைக்குக் கிடைத்தது. அதை எடுத்துத் தன் இசைக்குள் வாழ்நாள் முழுக்கப் போட்டுக் கரைத்தார். எல்லாம் நம்மிடமிருந்து திருடியது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, அந்த வியாதியும் உங்களுக்கு வந்துவிடக் கூடாது. பாரிஸில் ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் எனக்கு விளங்காது என்று தேவகிரிப் பட்டியலைத் தூக்கிப் போடவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

மெட்டு இல்லை என்கிறீர்கள். தப்புப் பறைக்கு என்ன மெட்டு? நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் லய வீடுகளுக்குப் பின்னால் இருந்த காமன் பொட்டலில், மாசிப் பனியில், கூத்து தொடங்குவதற்கு முன்னால் தப்படிக்கிறவர்கள் கவ்வாத்து மிலாறை, வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளை, குவித்து நெருப்பு மூட்டுவார்கள். பனி இறங்கினால் தோல் தளர்ந்துவிடும். அந்த நேரத்தில் அடித்தால் ஈரச் சாக்கில் அடிக்கிற மாதிரித் தொப்பென்று இருக்கும். தப்பை நெருப்புக்கு நேரே பிடித்து, மெதுவாகச் சுற்றி, பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார்கள். மறுபடி நெருப்பு. மறுபடி ஒரு தட்டு. கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தொப் இறுகி, வறண்டு, ஒரு கட்டத்தில் சுள்ளென்று தெறிக்கும். உடனே மற்றவர் அதைவிடச் சுள்ளென்று பதில் கொடுப்பார். கூத்து இன்னும் தொடங்கவேயில்லை. காமனின் மனைவி ரதியாக வேஷம் போடுகிற ஆள் அரிதாரம் பூசிக்கொண்டு இருப்பார். எங்களுக்கோ அதற்குள்ளேயே பாதி இரவுக்கான சங்கீதம் கிடைத்துவிட்டிருக்கும். மெட்டு எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்ட அந்த இருபது நிமிடத்திலும் இப்படி ஏதோ ஒரு சத்தம் இறுகியிருக்கலாம், தளர்ந்திருக்கலாம். பெயர் தெரியாததால் என்னால் மேற்கொண்டு எதுவும் சொல்ல முடியவில்லை, பார்த்தீர்களா.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் வருஷம் காமன் கூத்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயமாக இருந்தது, அப்புறம் சலிப்பாக இருந்தது, அப்புறம் கம்பளிக்குள் தூங்கிப்போனேன். கூத்தில் வீரபத்திரன் வேஷம் வந்தபோது யாரோ தட்டி எழுப்பினார்கள், நான் அழுதேன். அடுத்த வருஷமும் அதே கூத்து, அதே ஆட்கள், அதே பாட்டு. அதற்கடுத்த வருஷமும். எந்த வருஷத்தில் விளங்கியது என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் ஒரு வருஷம் ரதி புலம்பத் தொடங்குவதற்கு முன்னாலேயே, அந்தத் தப்பு நிதானப்படுகிற இடத்திலேயே, எனக்குத் தொண்டை அடைத்தது. யாரும் எனக்கு விளக்கவில்லை. திரும்பத் திரும்பக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

இந்த "திரும்ப" என்பதுதான் ப்ரோம்ஸ் மாதிரி விழாக்களில் நடப்பதில்லை. ஏன் யாருக்கும் பிடிக்காத இசையை வைக்கிறார்கள் என்று கேட்டீர்கள். நான் கேட்பது, ஏன் ஒரே ஒரு தடவை மட்டும் வைக்கிறார்கள் என்பது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடை வந்தால் ப்ரோம்ஸ், ஆல்ட்பரோ, லூசேர்ன், டாங்கிள்வுட் என்று ஒன்றன்பின் ஒன்றாக விழா. அநேகமாக எல்லாரும் காசு கொடுத்துப் புதுப் படைப்பு எழுதச் சொல்கிறார்கள். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் "உலகில் முதல் தடவை" என்று நிகழ்ச்சிநிரலில் போடுவதில்தான் அவர்களுக்கு ருசி. முதல் தடவைக்குக் காசு கிடைக்கும், செய்தி வரும். இரண்டாம் தடவைக்கு யார் காசு தருவது? அந்த முதல் தடவையையும் இரண்டு பழைய பெரிய படைப்புகளோடு சேர்த்துக் கட்டி, எழும்பிப் போக முடியாதபடி வைப்பார்கள். மருந்தைச் சீனிக்குள் வைத்துக் கொடுப்பது போல. பிள்ளை சீனியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது, உங்களைத்தான் சொல்கிறேன். இதில் ஒரு உச்சம் வேண்டுமா? ஜெர்மன் இசைஞர் ஸ்டொக்ஹவுசன் நான்கு தந்தி வாத்தியக்காரர்களை நான்கு ஹெலிகொப்டரில் ஏற்றிப் பறக்கவிட்டு வாசிக்கச் செய்தார். சல்ஸ்பர்க் விழாவுக்காக எழுதியது, அங்கே நடக்காமல் போய், 1995 ஜூனில் ஹொலண்ட் விழாவில் நடந்தது. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும், ஆனால் அதை இரண்டாம் தடவை கேட்பதற்கு ஒரு விமானப்படை வேண்டும்.

அதே 1995-ல் ப்ரோம்ஸின் கடைசி இரவில் ஆங்கிலேய இசைஞர் பர்ட்விசிலின் புதுப் படைப்பை, சாக்ஸபோனும் டிரம்ஸும் முன்னால் நின்று கத்துகிற ஒன்றை, வைத்தார்கள். கொடியாட்டிப் பழைய பாட்டுப் பாடுவதற்கென்றே சனங்கள் கூடும் இரவு அது. விழாவை நடத்தும் பிபிசிக்குப் புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. இன்றுவரை அந்தப் படைப்பைப் பற்றிப் பேசினால் புகாரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒரு தடவை கேட்டு வந்த கோபம் அப்படியே உறைந்துபோனது.

இதற்கு நேர்மாறான கதையும் அதே விழாவில் இருக்கிறது. ப்ரோம்ஸ் 1895-ல் லண்டன் குயின்ஸ் மண்டபத்தில் தொடங்கியது. நின்றுகொண்டே குறைந்த காசில் கேட்கலாம், இன்றைக்கும் அப்படித்தான். 1912 செப்டெம்பரில் விழாவின் நடத்துனர் ஹென்றி வூட், வியன்னாக்கார இசைஞர் ஷோன்பெர்க்கின் ஐந்து வாத்தியக்குழுப் படைப்புகளை அங்கே உலகில் முதல் தடவையாக வாசிக்க வைத்தார். ஒத்திகையில் முகம் சுளித்த வாத்தியக்காரர்களிடம், விடாமல் வாசியுங்கள், இன்னும் 25 வருஷத்தில் நீங்கள் வாசிக்கப்போவதோடு பார்த்தால் இது ஒன்றுமேயில்லை என்று சொன்னாராம். சபை சீறியது. சரி, இத்தோடு முடிந்தது என்று விட்டார்களா? 1914 ஜனவரியில் அதே குயின்ஸ் மண்டபத்தில், அதே படைப்பை, இந்தத் தடவை ஷோன்பெர்க்கே வந்து நடத்தினார். கைதட்டினார்கள். இடையில் லண்டன்காரர்களுக்குப் புதுக் காது முளைக்கவில்லை. அதே சத்தம் இரண்டாம் தடவை வந்தது.

ஷோன்பெர்க்குக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். 1918 ஜூனில், வியன்னாவில், சின்னக் குழுவுக்கு எழுதிய தன் அறை சிம்பொனியைக் கச்சேரியாக வைக்காமல் பத்துப் பகிரங்க ஒத்திகைகளாக வைத்தார். விரும்பியவர்கள் வந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தித் திருத்துவதையெல்லாம் கேட்கலாம். அதே வருஷம் ஒரு சங்கமும் தொடங்கினார். புதிய இசைக்கென்றே ஒரு சங்கம். போதிய அளவு ஒத்திகை பார்த்த பிறகுதான் வாசிப்பார்கள், முக்கியமான படைப்புகளைத் திரும்பத் திரும்ப வைப்பார்கள். கைதட்டக் கூடாது, சீறவும் கூடாது. பத்திரிகை விமர்சகர்களுக்கு இடமில்லை. இன்றைக்கு என்ன வாசிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லவும் மாட்டார்கள், பிடித்ததுக்கு மட்டும் வருகிற ஆட்களை அப்படித் தடுத்தார்கள். பெத்தோவனுக்காகக் காத்திருக்கிற உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல வைத்தியம். பாவம், போருக்குப் பிந்திய பணவீக்கத்தில் 1921-ஓடு வியன்னாவில் அது நின்றுபோனது. இன்றைய விழாக்காரர்களிடம் அந்தச் சங்கத்தின் காசைவிடப் பல மடங்கு காசு இருக்கிறது, அந்த யோசனை மட்டும் இல்லை.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? நான் பார்த்த அந்தக் கலாசார விழாவில் ரதிக்கு மூன்று நிமிடம். தப்பைக் காய்ச்ச நெருப்பு மூட்ட விடவில்லை, மண்டபத்துக்குள் நெருப்பு கூடாதாம், நியாயம்தான், ஆனால் அதனால் தளர்ந்த தோலிலேயே அடித்தார்கள், மைக் அதை இன்னும் கெடுத்தது. மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமி வரை இழுத்து, இரவிரவாக ஆடி, பிறகு எரிக்கிற ஒன்றைப் பதினைந்து நிமிடத்தில் பார்த்த ஒரு பிள்ளைக்கு அதில் என்ன கிடைக்கும்? எனக்கு முன்னால் இருந்த பையன் "இது என்ன சத்தம்" என்று கேட்டுவிட்டுப் போனை எடுத்தான். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவனுக்கும் ஒரு தடவைதான் காட்டினார்கள்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ப்ரோம்ஸின் நிகழ்ச்சிகள் தொடக்கத்திலிருந்து பிபிசி தளத்தில் திகதிவாரியாக இருக்கின்றன. நீங்கள் கேட்ட இரவைத் தேடி, எழுதியவர் பெயரைக் கண்டுபிடியுங்கள். அதை எங்காவது மறுபடி கேட்க முடிந்தால் கேளுங்கள், ஹெட்செட் போடாமல். இடையில் பெத்தோவன் கூடாது. ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் நல்லது, அப்போது பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நுவரெலியா சீசனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஏப்ரலில் குதிரை ஓடுகிறது, மலர்க் கண்காட்சி நடக்கிறது, குளத்துப் பக்கம் ஸ்பீக்கர் அலறுகிறது, அதற்கு நடுவில் ஒரு விழா வைக்கலாம்தான். ஆனால் முதல் வருஷம் வாசித்த அதே புதுப் படைப்பை இரண்டாம் வருஷமும் மூன்றாம் வருஷமும் வைக்க வேண்டும் என்று நான் நிபந்தனை போடுவேன், காசு போடுகிறவர் அன்றைக்கே ஓடிவிடுவார். அதனால் அந்தப் பேச்சு வேண்டாம். வருகிற மாசியில் உங்கள் தோட்டத்தில் காமன் ஊன்றுகிறார்களா என்று விசாரித்து எழுதுங்கள். ஊன்றினால் எரிக்கிற இரவுக்கு வருகிறேன். தங்க இடமெல்லாம் பார்க்க வேண்டாம், விடியக்காலை முதல் பஸ்ஸில் போய்விடுவேன்.