செயற்கைக் கால் செய்கிறவருக்கு ஆராய்ச்சி கிராண்ட் கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

பி.பி.ஓ. (செயற்கை உறுப்புகள் செய்து பொருத்தும் படிப்பு) முடித்து ஏழு வருடமாகத் தனியார் மையம் ஒன்றில் செயற்கைக் கால் பொருத்துகிறேன். சாக்கெட் (மீதமுள்ள கால் உள்ளே பொருந்தும் குப்பி போன்ற பகுதி) பற்றி ஒரு யோசனை இருக்கிறது. பி.எச்டி. இல்லாத எனக்கு ஆராய்ச்சிப் பணம் யார் தருவார்கள்?
– வாசகர், மதுரை

உங்கள் பெயரில் மட்டும் கேட்டால் பெரிய கதவுகள் திறக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்கென்று மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். தரும் பிரதமர் பெயரிலான கிராண்ட் இருக்கிறது, 3 வருடத்துக்கு 60 லட்சம் வரை. ஆனால் பி.எச்டி.யோ எம்.டி., எம்.எஸ். மாதிரிப் பட்டமோ வேண்டும், கல்வி நிறுவனத்தில் நிரந்தர வேலை வேண்டும், வயது 42-ஐத் தாண்டக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். 'சிறிய' கிராண்ட் என்று சொல்வதே 2 கோடி வரை போகும், அதற்கும் நிறுவனத்து ஆள்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகவே மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத் துறை டாக்டரையோ, பொறியியல் கல்லூரிப் பேராசிரியரையோ பிடியுங்கள். அவர் பி.ஐ., அதாவது முதன்மை ஆய்வாளர்; நீங்கள் கோ-பி.ஐ., அதாவது இணை ஆய்வாளர். வாய்ப்பேச்சாக விடாமல் விண்ணப்பத்திலேயே உங்கள் பெயரும் வேலையும் வர வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ப்ராஜெக்டுக்கு வருடக்கணக்கில் பிளாஸ்டர் அச்சு எடுத்துக் கொடுத்தேன், கட்டுரை வெளிவந்தபோது கடைசியில் நன்றி சொல்லும் வரியில்தான் என் பெயரைத் தேட வேண்டியிருந்தது, அதுவும் எழுத்துப் பிழையோடு.

யோசனை ஒரு கருவியாக மாறக்கூடியது என்றால் வழி வேறு. உயிரித் தொழில்நுட்பப் புதுமைகளுக்கு உதவும் மத்திய அரசின் பைராக் அமைப்பின் 'பிக்' திட்டம் 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை தருகிறது. புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு உதவும் இன்குபேட்டர் ஏதாவது ஒன்றில் சேர்ந்திருந்தால் தனிநபரும் கேட்கலாம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையில் மாற்றுத் திறனாளிகளுக்கும் முதியோருக்குமான கருவிகளுக்கென்றே 'டைட்' என்று ஒரு திட்டம் இருக்கிறது, நம் ஆட்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே குறைவு.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் ஆய்வா? நாங்கள் தினம் செய்கிற வேலைக்கு கிராண்ட் கிடையாதா?
– வாசகி, திருச்சி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2014-ல் நம் செயற்கை உறுப்புத் துறைக்கென்றே ஓர் ஆய்வுநிதித் திட்டம் தொடங்கியது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காலை இழந்து வந்த சிப்பாய்கள் அத்தனை பேர். அந்தத் திட்டம் புதுக் கருவி செய்யப் பணம் தராது. கையில் இருக்கிற கருவிகளில் எது, யாருக்கு, எவ்வளவு உதவுகிறது என்று அளந்து காட்டுபவருக்குத்தான் தரும்.

அந்த அளவெல்லாம் உங்களால் முடியாததில்லை. 10 மீட்டர் நடக்க எத்தனை விநாடி, 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம், நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் போய்த் திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம். ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு டேப், ஒரு நோட்டு, அவ்வளவுதான். அப்புறம் ஆறு மாதம் கழித்து அதே ஆளுக்கு போன் போட்டு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் காலைப் போடுகிறார், ஏன் போடவில்லை, புண் வந்ததா, வயலில் இறங்க முடிகிறதா, சம்மணம் போட முடிகிறதா என்று கேளுங்கள். முகாமில் எத்தனை கால் கொடுத்தோம் என்று மேடையில் சொல்கிறோமே தவிர, அதில் எத்தனை கால் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. போய்ப் பார்த்து 30 பேர் விவரத்தை ஒழுங்காக எழுதி வைத்திருப்பவர் விண்ணப்பத்தை எந்தக் கமிட்டியும் அவ்வளவு சுலபமாகத் தள்ளாது என்பது என் கருத்து.

ஒன்று மட்டும் கவனம். ஆய்வு என்று தொடங்கும் முன்பே ஆய்வில் சேருபவர்களின் நலனைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி வாங்கிவிட வேண்டும், பின்தேதியிட்டு வாங்க முடியாது. இரண்டு வகை காலை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனை என்றால், முதல் ஆளைச் சேர்க்கும் முன் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை.

பட்ஜெட்டில் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.
– வாசகர், வேலூர்

முழங்கால் மூட்டு, பாதம், சாக்கெட்டுக்குள் போடும் மெத்தென்ற உறையான லைனர், சாக்கெட் வார்க்கும் ரெசின் எல்லாம் மறக்க மாட்டீர்கள். மறப்பது நோயாளியின் பஸ் காசும் ஒரு நாள் கூலியும்தான். அதைப் போடாவிட்டால் இரண்டாவது தடவை யாரும் வர மாட்டார்கள், உங்கள் ஆய்வு பாதியில் நிற்கும். லைனர் தேய்ந்து கிழியும், மாற்ற இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பில்லை எல்லாம் பத்திரமாக வையுங்கள், யு.சி., அதாவது பணம் செலவான கணக்குச் சான்றிதழ், போகாமல் அடுத்த தவணை வராது.

வெளிநாட்டுப் பணம் நமக்கெல்லாம் வருமா?
– வாசகர், சென்னை

வந்திருக்கிறதே. சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவிகள் உருவாக்கும் ஆர்2டி2 மையம் 2019-ல் வெளியிட்ட 'அரைஸ்' என்ற எழுந்து நிற்கும் சக்கர நாற்காலிக்கு பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் உதவியது. அதே மையம் செயற்கைக் கால் பொருத்தும் தொண்டு அமைப்பான மொபிலிட்டி இந்தியாவோடு சேர்ந்து 2022-ல் 'கதம்' என்ற முழங்கால் மூட்டைக் கொண்டு வந்தது. கால் பொருத்தும் இடத்து ஆட்களும் பொறியாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்த வேலை அது. மதுரை வாசகரே, அந்த மையத்துக்கு ஒரு மெயில் போட்டுப் பாருங்கள், சாக்கெட் படத்தையும் சேர்த்து.