ரோமர் 9:13: ஏசாவும் உங்கள் தாத்தாவும்

ரோமர் 9:13-ஐ வைத்து, உங்கள் தாத்தாவைக் கடவுள் தள்ளிவிட்டார் என்று சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்ல முடியாது. யாக்கோபின் அண்ணன் ஏசாவைப் பற்றிக் கடவுள் சொல்லும் "ஏசாவை வெறுத்தேன்" என்ற வசனத்தை வைத்து, ஞானஸ்நானம் எடுக்காமல் இறந்த உங்கள் தாத்தாவைக் கடவுள் பிறக்கும் முன்பே தள்ளிவிட்டார் என்று முடிவுகட்ட அங்கே இடமில்லை. நம் பக்கத்து நாசரேத் ஊரின் கன்வென்ஷன் கூட்டத்தில் யார் அடித்துப் பேசியிருந்தாலும் சரி.

ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுப்பதால்தான் பெரும்பாலும் இந்தக் குழப்பம். ரோமர் நிருபத்தை எழுதிய பவுல் அங்கே பழைய ஏற்பாட்டின் மல்கியா 1:2, 3-ஐ எடுத்துக்காட்டுகிறார். மல்கியா பேசுவது ஏசாவின் வம்சமான ஏதோம் நாட்டைப் பற்றி. ஆதியாகமம் 25:23-இல் ஏசாவின் தாய் ரெபெக்காளுக்குக் கர்த்தர் சொல்வதும் இரண்டு ஜாதிகளைப் பற்றித்தான்.

இன்றைக்கு ராத்திரி ரோமர் 9 முதல் 11 வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். சொந்த ஜனத்தை நினைத்து மனவேதனையோடு தொடங்குகிற பவுல், 11:32-இல் எல்லார்மேலும் இரக்கம் என்று வந்து நிற்கிறார். பிரசங்கிகள் அதுவரை வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது!

ஆனால் ஒன்று. சீர்திருத்தவாதி கால்வினின் வழியினர், கடவுள் முன்கூட்டியே தெரிந்துகொள்வதைத் தனிமனிதருக்கும் பொருத்துவார்கள். 9:17-இல் பார்வோன் என்ற தனிமனிதன் வருவதால் அந்த வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது. டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் வழியினர் அதை மறுத்ததால்தான் 1618-19-இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் பெரிய சங்கமே கூடியது.

நம் திருநெல்வேலி சபைக்கு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) வேர். இங்கிலாந்து திருச்சபையின் 39 விசுவாசப் பிரமாணங்களில் 17-ஆவது, ஜீவனுக்கென்று கடவுளால் முன்குறிக்கப்படுவதைச் சொல்கிறது. நரகத்துக்கென்று கடவுள் யாரையும் முன்குறித்ததாக அதில் இல்லை. சபை ஐயரிடம் (போதகரிடம்) கேட்பதானால் அதைக் காட்டியே கேளுங்கள்.